சுவாமிப் படங்களைக் கழற்றி எறிவதற்கு முன்னர்...

முருகப் பெருமானின் காலிலே கொக்கி வைத்த மேனாட்டுச் சப்பாத்து. தலையிலே, விக்டோரியா மகாராணியாரின் கணவர் அல்பேர்ட் இளவரசரைப் போல வாரிவிட்ட கேசம். இடையிலே கொசுவம் கலையாத வேட்டி. பக்கத்திலே மயில். இப்படியொரு படத்தை எமது ஊர்ச் சைவப் பெரியவர் ஒருவரிடம் காட்டினால், பாதிரிமார் யாரோ செய்த பரிகாசம் என்றே சொல்லுவார். பாதிரிமாருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் கோயில் வீதியிற் கடை போட்டிருந்த சித்திரக்காரர், கோயிலுக்கு வந்த அடியார்களுக்கு வரைந்து விற்ற கார்த்திகேயன் இவர். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார்கள். கும்பிட்டும் இருப்பார்கள்.

நல்லூரானைத் தங்க வேலுடன் கண்டு பழகிய எமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். வங்காளிகளுக்குக் கார்த்திகேயன் அழகன்; மணமாகாத கட்டிளங்காளை. அக்காலக் கல்கத்தாவில் அழகன் என்றால் 'பாபு' என்று அழைக்கப்பட்ட புதுப் பணக்கார இளைஞன்தான். ஆகவே சித்திரக்காரன் தன் கண்ணுக்குத் தெரிந்த அழகைத் தெய்வத்துக்குச் சாத்தினான். இதில் நிந்தை எதுவும் இல்லை. சோழர் காலத்துச் சிற்பி தன் காலத்து நகைகளையும் முடியையும் தெய்வத்துக்கு அணிவித்தான் அல்லவா? அது ஆயிரம் வருடம் பழையது என்பதால் எமக்குப் புனிதம். இது நூற்றைம்பது வருடம் பழையது என்பதால் வேடிக்கை. அவ்வளவுதான் வித்தியாசம்.

காளிகாட் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இன்றுள்ள காளிகாட் கோயில் 1809இல் கட்டிமுடிக்கப்பட்டது. கோயில் பெருக, யாத்திரிகர் பெருகினர். வங்காளக் கிராமங்களில் நீண்ட சுருள்களிற் புராணக் கதைகளை வரைந்து, கட்டங் கட்டமாக விரித்துக் காட்டிப் பாடிப் பிழைத்த பட்டுவாக்கள் நகரத்துக்கு வந்து கோயிலைச் சூழக் குடியேறினர். சுருள் வரைய நாட்கள் செல்லும். யாத்திரிகருக்கோ ஒரேயொரு படம், உடனே, ஓரிரு பைசாவுக்கு வேண்டும். அதனால் ஆலையிற் செய்த மெல்லிய தாளை எடுத்தார்கள், நீர்வர்ணத்தை எடுத்தார்கள், பின்னணியை வெறுமையாக விட்டார்கள். குடும்பம் முழுவதும் வேலை செய்தது. ஒருவர் கோடு இழுப்பார், இன்னொருவர் மேனிக்கு நிறங் கொடுப்பார், மற்றொருவர் கண்ணும் நகையும் எழுதுவார். வெள்ளி பூசவேண்டிய இடங்களுக்கு வெள்ளீயக் கரைசல் போதுமானதாயிற்று.

அவசரத்தில் வரைந்தவை என்பதனாலேயே அவற்றில் ஒரு வேகம் வந்து சேர்ந்தது. தோளிலிருந்து முழங்கை வரை தூரிகையை எடுக்காமல் இழுத்த ஒரே கோடு. அதன் உட்புறத்தில் சற்றே கனத்த நிழல். கை உருண்டு திரண்டு கண்முன் நிற்கும். பார்வதியின் மடியிலிருக்கும் பிள்ளையாரின் தும்பிக்கை இரண்டு வளைவுகளில் முடிந்துவிடும். அழித்துத் திருத்திய தடம் கிடையாது. திருத்துவதற்கு அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை. வங்கத்தின் பெரும் ஓவியரான ஜாமினி ராய் (1887–1972) மேனாட்டு எண்ணெய் வர்ண முறையைக் கற்றுத் தேர்ந்தபின் அதனைக் கைவிட்டு, இந்தக் கோயில் வீதிக் கோடுகளிடம் பாடங் கேட்கத் திரும்பி வந்தார். ஓவியப் பள்ளி கற்றுக்கொடுக்காத ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்ல ஆசை. காளியையும் துர்க்கையையும் வரைந்த அதே தூரிகைதான் ஊர் வம்பையும் வரைந்தது. 1873இல் வங்காளத்தைக் கலக்கிய தாரகேசுவரம் கொலை வழக்கு, அதாவது கோயில் மகந்துடன் தொடர்பு கொண்டாள் என்று ஏலோகேசி என்ற இளம் பெண்ணை அவள் கணவனே வெட்டிக் கொன்ற வழக்கு, படம் படமாக விற்கப்பட்டது. மகந்து சிறைக்குப் போனதையும் வரைந்தார்கள். நெற்றியில் நாமம் போட்ட பூனை வாயில் மீனைக் கவ்வியபடி நிற்கும் படம் போலிச் சாமியார்களைப் பற்றியது. எழுத்தறியாத சனங்களுக்கு அதுவே பத்திரிகை, அதுவே கேலிச்சித்திரப் பக்கம். தெய்வ பக்தியும் சாமியார் மீது எள்ளலும் ஒரே கடையில், பக்கம் பக்கமாகத் தொங்கின. எங்களுடைய கோயில் வீதிக் கடைகளில் இன்று அப்படித் தொங்கவிட எவருக்காவது துணிவு வருமா என்பது வேறு விடயம்.

இப்படங்களுக்கு நேர்ந்த கதிதான் இப்பத்தியின் பொருளுக்கு வேண்டியது. மலிவான மெல்லிய தாள். சுவரில் ஒட்டிய படம். வங்காளத்து மழையும் ஈரமும் பூச்சியும். வாங்கிய வீடுகளில் அவை மிஞ்சவில்லை. புதுப் படம் வாங்கப் பைசாதானே? பழையதைக் கிழித்து எறிந்தார்கள். இன்று உலகிலேயே அதிகளவு காளிகாட் படங்கள், 645 வரை, இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் உள்ளன. அவற்றில் 233 படங்கள் ஜோன் லொக்வூட் கிப்லிங் சேர்த்தவை. அவருடைய மகனான எழுத்தாளர் றட்யார்ட் கிப்லிங் 1917இல் அவற்றைத் தந்தையின் நினைவாக வழங்கினார். ஒக்ஸ்போட்டில் இருக்கின்றன, கார்டிஃபில் இருக்கின்றன, பிராக்கில் இருக்கின்றன. மதப்பரப்புரையாளரும் உத்தியோகத்தரும் பயணிகளும் வேடிக்கைப் பொருளாகக் கொண்டுபோனவை பிழைத்துக்கொண்டன. பக்தியோடு கொண்டுபோனவை அழிந்தன. 2011இல் இலண்டன் நூதனசாலை தன் சேகரிப்பில் ஒரு பகுதியைக் கண்காட்சியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தபோது, பூட்டன்மார் பைசாவுக்கு வாங்கியதைப் பூட்டப்பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். தஞ்சாவூர்ப் படங்கள் காளிகாட்டுக்கு நேர் எதிர்மாறானவை. அங்கே கோடும் வெறுமையும். இங்கே பொன்னும் நெருக்கமும். பலாப் பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் பூசி, மேடு செய்யவேண்டிய இடங்களில் பசையாலேயே மேடு செய்து, கண்ணாடிக் கற்கள் பதித்துப் பொன்தகடு ஒட்டி வரைந்தவை. மராத்திய மன்னர் காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜியின் காலத்தில் இக்கலை செழித்தது. ராஜு, நாயுடு குடும்பத்தினர் பரம்பரைத் தொழிலாகச் செய்தனர். உருண்டை முகம், பாதாம் பருப்புக் கண், மேலே நாடக மேடையிற் போல ஒதுக்கிக் கட்டிய திரை, கீழே வெண்ணெய்க் குடத்தோடு கொழுகொழுவென்ற கண்ணன். பஜனை மடங்களுக்கென ஆளுயரத்தில் வரைந்த இராமர் பட்டாபிஷேகம். 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனபின்னர், அரண்மனையை நம்பியிருந்தவர்கள் கடைவீதியை நம்பத் தொடங்கினர்.

பொன் வைத்த பலகை எல்லோராலும் வாங்கக் கூடியதா? அதனாலேதான் கண்ணாடிப் படம் வந்தது. கண்ணாடியின் பின்புறத்தில் வரைந்து முன்புறத்திற் பார்ப்பது. இந்த வித்தை சீனத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பல் வழியே 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. தஞ்சாவூர்க்காரர் அதைத் தமதாக்கிக் கொண்டனர்.

இதன் வேலைமுறையை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சாதாரண ஓவியத்தில் முதலில் பின்னணி, பிறகு உடல், பிறகு ஆடை, கடைசியாகத்தான் கண்ணின் கருமணியும் மூக்குத்தியும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். மூக்குத்தியை முதலில் வைக்கவேண்டும். கருமணி, அதன் மேல் வெண்விழி, அதன் மேல் முகத்தின் நிறம், கடைசியில் வானமும் திரையும். இடம் வலமாகும், வலம் இடமாகும். சரஸ்வதி இடக்கையால் வீணை மீட்டாதிருக்க வேண்டுமானால் வரைபவன் மனத்துக்குள்ளே எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடவை நிறம் பூசிவிட்டால் அதன் அடியில் இருக்கும் பிழையைத் திருத்த முடியாது. இத்தனை கவனத்தோடு செய்த பொருள், ஆணி துருப்பிடித்து நழுவினால் ஒரு நொடியில் தூள். மிஞ்சியவை சிலவே என்பதில் ஆச்சரியமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முடிவு கட்டியது அச்சு. 1878இல் கல்கத்தாவிலும் பூனாவிலும் கல்லச்சிற் கடவுட் படங்கள் அடிக்கும் நிலையங்கள் தொடங்கின. ஜேர்மனியிலிருந்து வழுவழுப்பான வர்ணப் படங்கள் கப்பலில் வந்தன. 1884இல் திவான் சேர் மாதவராவ், ரவிவர்மாவின் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டுப் பரப்பலாமே என்று யோசனை சொன்னார். கும்பகோணத்திற் பிறந்த மனிதர் அவர். பத்து வருடங்கள் கழித்து, 1894இல், ரவிவர்மா பம்பாயில் தாமே அச்சகம் வைத்தார். பின்னர் அது லோனாவ்லாவுக்கு அண்மையிலுள்ள மாளவலிக்கு இடம்மாறி, ஜேர்மனியரான ஷ்லைஷர் கைக்குப் போனது. தாமரையில் நிற்கும் இலட்சுமியும், கல்லில் அமர்ந்து வீணை மீட்டும் சரஸ்வதியும் அங்கிருந்து இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தனர். காளிகாட் பட்டுவாவின் மகன் வேறு தொழிலுக்குப் போனான். 1930 அளவில் அந்த வீதி ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

ரவிவர்மாவைத் திட்டுவது ஒரு காலத்தில் நாகரிகமாயிருந்தது. எங்கள் நாட்டவரான ஆனந்த குமாரசுவாமியே அவர் ஓவியங்களில் நாடகத்தன்மைதான் உண்டு, தெய்வத்தன்மை இல்லை என்ற கருத்துப்பட எழுதியவர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கோயிலுக்குள் போகவிடாமல் தடுக்கப்பட்டவன் வீட்டிலும் இலட்சுமி வந்து நின்றாள் என்றால், அதைச் செய்தது ஆகமமல்ல, அந்த அச்சியந்திரம். ஆனாலும் ஒன்றை மறுக்கவியலாது. அச்சு வந்ததும் தெய்வங்களின் முகம் ஒன்றாகிவிட்டது. ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறிய கண்ணும் மூக்கும் போய், எல்லா வீட்டுச் சரஸ்வதிக்கும் ஒரே முகம். பிற்காலத்தில் கோவிற்பட்டி கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணாக்கரும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக வந்த படங்கள் இதற்கு முத்திரை வைத்தன. நாம் கண்ணை மூடினால் மனத்துக்குள் தெரியும் வள்ளி தெய்வானை சமேத முருகனின் முகம் பெரும்பாலும் கோவிற்பட்டி முகம். அனாதி காலந்தொட்டு வந்த முகம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதன் வயது நூறோ நூற்றிருபதோ.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். வலிகாமத்து ஒழுங்கைகளில் மரத்தடி வைரவர் வெறுஞ் சூலமாகத்தான் நின்றார். முகமில்லை, வாகனமில்லை. மடாலயம் கட்டி, கோயிலாக்கி, உருவம் வைக்கவேண்டும் என்று வந்தபோது சிற்பாசாரிக்கு மாதிரியாகப் பல இடங்களிற் காட்டப்பட்டது அச்சுப் படந்தான். கண்ணகி அம்மன் கதையும் அத்தகையதே. ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பென்று கண்டித்த பின்னர், பல கண்ணகை அம்மன் கோயில்கள் இராசராசேசுவரியாகவும் புவனேசுவரியாகவும் பெயர் மாறின. பெயர் மாறிய அம்மனுக்கு உருவமும் மாறவேண்டுமே. நாவலர் பெருமானைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாதிரிமார் மேசை போட்டு வாதுக்கு அழைத்த காலத்தில் அவருக்கு நூல் வேண்டியிருந்தது, இலக்கணம் வேண்டியிருந்தது, வண்ணார்பண்ணையில் ஓர் அச்சகம் வேண்டியிருந்தது. அவற்றை அவர் உண்டாக்கினார். அதன் பயனாக நாங்கள் எழுத்தைப் போற்றும் சமூகமாக வளர்ந்தோம். அதன் மறுபக்கம், கண்ணாற் பார்ப்பதை அற்பமாகக் கருதப் பழகினோம்.

சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்ன செய்தார்? செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பினார், தாமும் அலைந்தார். தொட்டால் ஒடியும் ஓலைகளிலிருந்து 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். அவருக்கு முன் சனங்கள் ஏட்டை என்ன செய்தார்கள்? பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டார்கள், அடுப்பில் வைத்தார்கள். பழசானால் நீரில் விடுவது புண்ணியம் என்றார்கள். இன்று சுவாமிப் படத்துக்கு நாம் சொல்லும் அதே நியாயம். எங்கள் சுன்னாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குமாரசுவாமிப் புலவர் (1854–1922) பிறந்த மண், நா. பொன்னையா திருமகள் அச்சகத்தை நிறுவி ஈழகேசரியை நடத்திய மண். பழைய நூல் ஒன்று கிடைத்தால் அது எத்தனையாம் பதிப்பு என்று பார்க்கத் தெரிந்தவர்கள் இன்றும் இங்கு இருக்கிறார்கள். ஊரெல்லையிலுள்ள கந்தரோடையிலே 1917இற் போல் பீரிஸ் ஆராய்ந்த நாளிலிருந்து ஓட்டுத் துண்டுகளைக்கூடப் பத்திரப்படுத்துகிறார்கள். இரண்டாயிரம் வருட ஓட்டுத் துண்டுக்கு மரியாதை. பாட்டியின் பாட்டி கும்பிட்ட படத்துக்குக் கிணற்றடி.

நான் மிகைப்படுத்தவில்லை. கடந்த பதினைந்து வருடங்களில் எமது பகுதியில் நாற்சார் வீடுகள் இடிபடும் வேகத்தைக் காண்பவர்கள் காண்கிறார்கள். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள், சுண்ணாம்புச் சுவர் விழுகிறது, மாடி எழுகிறது. சுவாமி அறைக்குப் பளிங்குக் கல் பதிக்கிறார்கள். அங்கே கரிபிடித்த பழைய சட்டங்களுக்கு இடமில்லை. வீட்டில் வைத்திருக்கவும் மனமில்லை, குப்பையில் எறியவும் பயம். ஆகவே கோயில் வீதி அரசமரத்தடியிற் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வருகிறார்கள். மழை பெய்து தாள் ஊறி, இலட்சுமியின் முகம் முதலிலே போகும். கறையானுக்குப் பலகை மிஞ்சும். சட்டம் பர்மாத் தேக்கு என்றால் பழைய சாமான் வாங்குபவர் சட்டத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போவதும் உண்டு. அதே குடும்பம் சென்னைக்குக் கலியாணச் சேலை எடுக்கப் போகும்போது, புதுத் தஞ்சாவூர்ப் படம் ஒன்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து வரவேற்பறையில் மாட்டுகிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பொன் மினுமினுப்பு யாருடைய நினைவு?

போர் பறித்ததைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, சுவரில் தொங்கிய படங்களைக் கழற்றி எடுத்தவர்கள் எத்தனை பேர்? திரும்பி வந்தபோது கதவில்லை, நிலையில்லை, ஓடில்லை. சில வீடுகளிற் சுவரில் படம் மட்டும் அப்படியே இருந்தது. எடுத்துப் பயனில்லை என்று கள்வர் விட்டுப்போன பொருள் அது. போர் தப்பவிட்ட அந்தப் படங்களைத்தான் சமாதான காலத்தில் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

கோயில்களின் நிலையும் இதுவே. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி என்றால், வாகனங்களுக்கும் மஞ்சத்துக்கும் சுவருக்கும் புது வர்ணம். நான் அறிந்த கோயிலொன்றில் வசந்த மண்டபத்தின் உட்சுவரில், திருநீற்றுச் சாம்பல் நிறமேறிய பழைய சித்திரங்கள் சில இருந்தன. நாயன்மார் வரிசை. கண்ணப்பர் காலிற் செருப்போடு லிங்கத்தின் மேல் ஒரு பாதத்தை ஊன்றி நிற்பார். அவருடைய பக்கத்து நாயின் முகத்தில் அப்படியொரு கவலை! வரைந்தவன் நாய் வளர்த்தவனாக இருக்கவேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் போனபோது சுவர் முழுவதும் மஞ்சள் எனாமல் பூசி, புதிதாக நாயன்மாரை எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒரே சிவப்புக் கன்னத்தோடு நின்றார்கள். நாய் இல்லை. பூசுவதற்கு முன்னர் ஒரு புகைப்படமாவது எடுத்தீர்களா என்று கேட்டேன். நிருவாகத்தினர் என்னைப் பார்த்த பார்வையில், உபயகாரர் பட்டியலில் இல்லாத இந்த மனிதனுக்கு ஏன் இந்தக் கவலை என்ற கேள்வி இருந்தது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவையல்ல. உடைந்த படம், மங்கிய படம் வீட்டுக்கு ஆகாது என்பர். சரி, வைத்திருக்க வேண்டாம். ஆனால் பிரதிஷ்டை செய்த மூர்த்திக்கே பின்னம் ஏற்பட்டால் என்ன செய்வது என்று ஆகமம் முறை வகுத்திருக்கிறது. பாலஸ்தாபனம் செய்து, சக்தியை வேறிடத்துக்கு மாற்றி, அதன் பின்னரே பழையதைத் தொடுவார்கள். மாற்றுவதற்கு முன் பழையது என்ன என்று அறிந்திருக்க வேண்டும் என்பது அந்த முறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கடையில் வாங்கிச் சட்டம் போட்ட தாளுக்குப் பிரதிஷ்டையும் இல்லை, பின்னமும் இல்லை. அதைப் படம் பிடித்துவிட்டு நீரில் விட்டால் எந்தச் சாத்திரத்துக்கு விரோதம்?

இன்னொரு சாரார், அதிலும் படித்தவர்கள், "இவையெல்லாம் கலையா? உடற்கூறு பிழை, கை நீளம், கண் காதுவரை போகிறது" என்பார்கள். காளிகாட் காளியின் கண்ணும் காதுவரை போகிறது. அதை இலண்டனிற் காண நுழைவரிசையில் நிற்பதற்கும் நாங்கள் தயார். தென்னிலங்கையில் கத்தளுவைப் பூர்வாராம விகாரையின் 19ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களிடையே விக்டோரியா மகாராணியாரின் உருவமும் உண்டு. காலியிலிருந்து மாத்தறை வரையுள்ள பழைய விகாரைகள் பலவற்றில் விஷ்ணுவும் மயிலேறிய கதிர்காமக் கந்தனும் வரையப்பட்டுள்ளனர். அங்குள்ள கைகளும் அளவுக்கு மீறி நீளந்தான். அவற்றைத் தொல்பொருள் என்று பார்க்கக் கற்றவர்கள் அவர்கள். எங்கள் கந்தன் மட்டும் எனாமலுக்குக் கீழே போகவேண்டுமா?

மூன்றாவது ஒரு கூற்று இப்பொழுது புதிதாகக் கேட்கிறது: "இனி எதற்குப் பழைய படம்? கணினியே நொடியில் ஆயிரம் முருகனை வரைந்து தருகிறதே!" உண்மை. காலையிற் கைத்தொலைபேசியைத் திறந்தால் மல்யுத்த வீரரின் தோள்களோடு சிவபெருமானும், சினிமா நடிகரின் தாடியோடு இராமரும் வணக்கம் சொல்கிறார்கள். அதைக் கண்டு நான் கோபப்படுவதில்லை. காளிகாட் கார்த்திகேயன் அணிந்த சப்பாத்துப் போலத்தான் இதுவும். ஒவ்வொரு காலமும் தன் அழகைத் தெய்வத்துக்குச் சாத்தும். ஆனால் ஆயிரம் படத்தை விழுங்கிவிட்டு ஆயிரத்தோராவதைக் கக்கும் இயந்திரத்துக்கு, வலிகாமத்துச் சுவரில் கண்ணப்பரின் நாய் எப்படி நின்றது என்பது தெரியாது. அது தெரிந்த சுவரை நாம் பூசிவிட்டோம்.

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம். நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகம் இணையத்தளம் 2005 முதல் செய்துவரும் பணி எல்லோரும் அறிந்ததே. 1981இல் யாழ் நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களின் சாம்பலைக் கண்ட தலைமுறையிலிருந்து பிறந்த முயற்சி அது. படங்களுக்கும் அவ்வாறே ஒரு திரட்டு வேண்டும். பாடசாலைகளிற் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒப்படை என்று பூவையும் பூச்சாடியையும் வரையச் சொல்கிறோம். தங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ள மிகப் பழைய சுவாமிப் படம் ஒன்றைப் புகைப்படம் எடுத்து, அது யார் வாங்கியது, எங்கிருந்து வந்தது என்று அப்பாச்சியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னால் ஒரு தவணையில் ஒரு பாடசாலை நூறு படங்களைச் சேர்த்துவிடும். சிதம்பரத்தில் வாங்கியது, இராமேசுவரத்திலிருந்து கொண்டுவந்தது, தலைமன்னார்க் கப்பலில் வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு எண்பது தொண்ணூறு வயதாகிறது. அந்தக் கப்பல் நின்றுபோய்ப் பல வருடங்களாகின்றன என்பதை நினைத்தால், எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். கோயில்களில், வர்ணம் பூச ஒப்பந்தம் கொடுக்கும் கூட்டத்திலேயே, பூசுமுன் ஒவ்வொரு சுவரும் வாகனமும் படம் பிடிக்கப்படல் வேண்டும் என்று ஒரு வரி தீர்மானம் சேர்த்தாற் போதும்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்குச் சில சொற்கள். பழைய அச்சுப் படமாயின் கீழ் விளிம்பை நோக்குங்கள். சட்டத்துக்குள் பாதி மறைந்து, சிறிய ஆங்கில எழுத்தில் ரவிவர்மா அச்சகத்தின் பெயரும் கார்லா, மாளவலி, லோனாவ்லா என்ற ஊர்ப்பெயர்களில் ஒன்றும் இருக்கலாம். ஜேர்மனியில் அச்சிட்டது என்றும் இருக்கலாம். அந்த அச்சகம் 1972இல் தீக்கிரையானதால், வீடுகளிலுள்ள பிரதிகளுக்கு மதிப்பு அதிகம். படத்திலுள்ள அம்மனுக்கு உண்மையான துணியும் சரிகையும் சலங்கைப் பொட்டும் ஒட்டியிருந்தால் அதனைப் பிய்க்க வேண்டாம். வீட்டுப் பெண்கள் செய்த அலங்காரம் அது. செட்டிநாட்டு வீடுகளிலும் இவ்வாறு உண்டு. விரலால் தடவும்போது முன்புறம் வழுவழுப்பாகவும், உருவம் கண்ணாடியோடு ஒட்டியதாகவும், நிறம் இதழிதழாகக் கழன்றும் தெரிந்தால் அது கண்ணாடி ஓவியமாக இருக்கக்கூடும். அதைத் துடைக்கவே கூடாது, பின்பலகையைக் கழற்றவும் கூடாது. கழற்றினால் நிறம் பலகையோடு வந்துவிடும். முன்னும் பின்னும் பகல் வெளிச்சத்திற் படம் எடுங்கள். பின்பலகையில் கடைக்காரர் ஒட்டிய துண்டோ, பென்சிலில் எழுதிய திகதியோ இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

சுன்னாகம், உடுவில், மல்லாகம், ஏழாலைப் பக்கத்து வாசகர்களிடம் இத்தகைய படங்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து பார்ப்பேன். படத்தைத் தரவேண்டியதில்லை, சுவரிலிருந்து கழற்றவும் வேண்டியதில்லை.